டொனால்டுக்கு என்ன வந்தது?

1938-ல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் வந்தது. தட்டச்சு செய்த 33 பக்கங்கள். எழுதியவர் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரின் வக்கீல் பீமன் டிரிப்லெட். கடிதம் முழுக்க அவருடைய மகன் டொனால்டைப் பற்றியது. பையன் தனியாக விட்டால்தான் சந்தோஷமாக இருக்கிறான். பெற்றோர் வருவதையும் போவதையும் கண்டுகொள்வதில்லை. கைக்குக் கிடைத்த எதையும் தரையில் சுழலவிட்டு, அது நிற்கும்வரை குதித்துக் குதித்து ரசிக்கிறான். 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்கிறான். அதே பையன் இரண்டு வயதிலேயே பைபிளின் 23-ஆம் சங்கீதத்தை முழுதாக ஒப்பித்தவன்.

கடிதம் யார் கைக்குப் போனதோ அவர் சாதாரண ஆளல்ல. லியோ கேனர் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து 1924-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மருத்துவர். குழந்தைகள் மனநல மருத்துவத்துக்கு ஆங்கிலத்தில் முதல் பாடநூல் எழுதியவர். அவருக்கே இந்தப் பையன் பிடிபடவில்லை. உள்ளூர் டாக்டர்களின் யோசனைப்படி பெற்றோர் டொனால்டை மூன்று வயதில் ஒரு விடுதியில் விட்டிருந்தார்கள். காசநோய் வந்துவிடுமோ என்று பயந்த வீட்டுக் குழந்தைகளுக்காகக் கட்டிய இடம் அது. இல்லாத நோய்க்கு ஒரு வருடம் அங்கே கிடந்துவிட்டு வந்த பிள்ளையை, 1938 அக்டோபரில் கேனர் நேரில் பார்த்தார்.

ஐந்து வருடம் கழித்து, 1943-ல், அவருடைய ஆய்வுக் கட்டுரை வெளியானது. எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள், ஆக 11 குழந்தைகள். முதல் குழந்தை டொனால்டு. உலகம் இன்று 'ஆட்டிசம்' என்று அழைப்பது அந்தக் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறது. சொல் கேனருடையது அல்ல. சுவிட்சர்லாந்தின் ஓய்கன் பிளாய்லர் அதற்கு முப்பது வருடம் முன்பே ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகள் தங்களுக்குள் ஒடுங்கிப்போவதைக் குறிக்க அதை உண்டாக்கியிருந்தார். ஆக, பிறந்த வீட்டிலேயே அந்தச் சொல் ஒரு நோயின் அறிகுறி. பின்னால் வந்த பல குழப்பங்களுக்கு விதை அங்கேயே விழுந்துவிட்டது.

'இது நோயா, இல்லை இயல்பான ஒரு வேறுபாடா?' என்ற கேள்வி இன்று சூடாக விவாதிக்கப்படுகிறது. ஆனால் கேள்வி புதிதல்ல. அந்த 11 பேரின் வாழ்க்கையே அதற்கான பழைய சாட்சியம்.

டொனால்டு வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத பிள்ளையாகத்தான் இருந்தான். 1942-ல் ஃபாரஸ்டுக்குப் பக்கத்தில் குழந்தையில்லாத லூயிஸ் என்ற விவசாயத் தம்பதியிடம் அவனை விட்டார்கள். சில வருடம் அங்கே வளர்ந்தான். 1945-ல் நேரில் போய்ப் பார்த்த கேனர் அசந்துபோனார். அந்தத் தம்பதி எந்தச் சிகிச்சையும் படித்ததில்லை. எதையெடுத்தாலும் அளந்துகொண்டே இருக்கிறானா? கிணறு தோண்டும்போது ஆழத்தை அளந்து சொல்லும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறானா? சோளக்காட்டில் ஏர் ஓட்டச் சொல்லி, வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே உழவிட்டார்கள். செத்த பறவையையும் பூச்சியையும் பொறுக்கிச் சேர்க்கிறானா? ஒரு மூலையில் இடம் ஒதுக்கி, புதைத்துக்கொள் என்றார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை நட்டான். அதில் முதலில் ஒரு மனிதப் பெயர், நடுவில் பிராணியின் பெயர், கடைசியில் அந்த விவசாயியின் குடும்பப் பெயர். நத்தை ஒன்று 'ஜான் நத்தை லூயிஸ்' ஆனது. பிறந்த தேதி தெரியாது. இறந்த தேதி, அவன் அதைக் கண்டெடுத்த நாள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அளப்பதும் எண்ணுவதும் சேர்ப்பதும் மருத்துவக் குறிப்பேட்டில் அறிகுறிகள். லூயிஸ் வீட்டில் அவை வேலைகள். பையன் மாறவில்லை. அவனைச் சுற்றியிருந்த ஏற்பாடு மாறியது.

டொனால்டுக்கு ஒருமுறை உண்மையிலேயே நோய் வந்தது. பதின்ம வயதின் தொடக்கத்தில் கடும் காய்ச்சல், மூட்டுகள் வீங்கி விறைத்துப் போயின. இளம்பருவ மூட்டுவாதம் என்று கண்டுபிடித்து, அந்தக் கால வழக்கப்படி தங்க உப்பு மருந்து கொடுத்தார்கள். மூட்டுவாதம் தீர்ந்தது. ஆட்டிசம் அப்படியே இருந்தது. தங்க உப்புதான் அவருடைய ஆட்டிசத்தையே தணித்தது என்று பின்னாளில் எழுதியவர்களும் உண்டு. ஆனால் எண்பது வயதிலும் மனிதர்களுக்கு எண் சூட்டி அழைத்துக்கொண்டு, இரண்டு வார்த்தையில் பேச்சை முடித்துக்கொண்டு நடந்துபோகிறவராகவே அவர் இருந்தார்.

பட்டப்படிப்பு முடித்தார். தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமான பேங்க் ஆஃப் ஃபாரஸ்டில் வேலைக்குச் சேர்ந்தார். கார் ஓட்டினார், தினமும் கோல்ஃப் ஆடினார், தனியாகவே பல நாடுகளைச் சுற்றினார். ஜான் டான்வன், கேரன் சக்கர் என்ற இரு பத்திரிகையாளர்கள் அவரைத் தேடி ஃபாரஸ்டுக்கு வந்தபோது ஊர்க்காரர்கள் வாசலிலேயே மறித்தார்கள். டொனால்டுக்கு ஏதாவது தொந்தரவு என்றால் உங்களை எங்கே பிடிப்பதென்று எங்களுக்குத் தெரியும் என்று மிரட்டியே விட்டார்கள். 2023 ஜூனில் தன் 89-ஆம் வயதில், சொந்த ஊரிலேயே அவர் காலமானார்.

இதை ஒரு இனிய கதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. டொனால்டின் அப்பா வக்கீல், தாத்தா வீட்டுச் சொத்து ஒரு வங்கி. அதே ஊரில், அதே காலத்தில், ஒரு கறுப்பினக் கூலிக்காரரின் பிள்ளைக்கு இந்தக் கதவுகளில் ஒன்றுகூடத் திறந்திருக்காது.

மற்ற குழந்தைகள் என்ன ஆனார்கள்? கேனர் 1971-ல் அவர்களைத் தேடிப் பார்த்து இன்னொரு கட்டுரை எழுதினார். டொனால்டைத் தவிர ஒருவர் அலுவலகமொன்றில் நகலெடுக்கும் இயந்திரத்தில் வேலை பார்த்தார். அரசு மனநல விடுதிகளுக்குப் போனவர்களின் கதை வேறு. சிறு வயதில் இருந்த நினைவாற்றலும் கூர்மையும் மங்கி, மூலையில் உட்கார்ந்த உருவங்களாக அவர்கள் ஆகியிருந்தார்கள். விடுதியில் சேர்ப்பது ஏறத்தாழ ஆயுள் தண்டனைக்குச் சமம் என்ற பொருளில் கேனரே எழுதினார். ஒரே மருத்துவர் ஒரே பெயரில் அடையாளம் கண்ட குழந்தைகள், எங்கே வளர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து இப்படிப் பிரிந்து போனார்கள்.

கேனரின் 1943 கட்டுரையில் இரண்டு குரல்கள் இருந்தன. இந்தக் குழந்தைகள் பிறக்கும்போதே இப்படித்தான் பிறக்கிறார்கள் என்றது ஒன்று. இவர்களுடைய பெற்றோர் படித்தவர்கள், ஆனால் பாசத்தில் கொஞ்சம் குளிர்ந்தவர்கள் என்றது இன்னொன்று. பாவம் பீமன் டிரிப்லெட், மகனைப் பற்றி 33 பக்கம் எழுதியதே அவருடைய கோணல் புத்திக்குச் சான்றாகிவிட்டது. அமெரிக்கா இரண்டாவது குரலைத்தான் பிடித்துக்கொண்டது. 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்ற பழி பிறந்தது.

அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் புரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவில் தத்துவம் படித்தவர், டகாவ், புக்கன்வால்ட் நாஜி முகாம்களில் அடைபட்டு மீண்டவர், சிகாகோவில் மனக்கோளாறுள்ள குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தியவர். அவருடைய 1967 நூல், ஆட்டிசக் குழந்தையின் நிலையை வதைமுகாம் கைதியின் நிலையோடு ஒப்பிட்டது. அப்படியானால் முகாம் காவலர் யார்? அம்மா. ஒரு தலைமுறைத் தாய்மார்கள் பிள்ளையையும் சுமந்து இந்தப் பழியையும் சுமந்தார்கள். பழி இன்னும் முழுதாகச் சாகவில்லை. 'செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள், அதான்' என்று நம் வீட்டுக் கூடங்களில் இன்றும் கேட்கிற பேச்சு, பெட்டல்ஹைமைப் படிக்காமலேயே அவரை ஒப்பிப்பதுதான்.

அதை உடைத்தவர் அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லாண்ட். தன் மகனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் நூலகத்தில் தேடித் தேடிப் படித்து, 1964-ல் ஒரு நூல் எழுதினார். இது மூளை சார்ந்தது, வளர்ப்பு சார்ந்தது அல்ல என்று வாதிட்ட அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் கேனர். 1969-ல் பெற்றோர் மாநாடொன்றில் கேனர் எழுந்து, உங்கள்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். உருவொத்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. உருவொவ்வாத 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. பரம்பரையின் பங்கு கண்முன் தெரிந்தது.

அம்மாக்கள் விடுதலையானார்கள். ஆனால் காரணம் மூளையில் என்றானதும், அடுத்த கேள்வி தானாக வந்தது: எப்படிச் சரிசெய்வது?

ரிம்லாண்டே அந்தப் பாதையில் வெகுதூரம் போனார். வைட்டமின்கள், உணவுக் கட்டுப்பாடு, கடைசியில் தடுப்பூசிமேல் சந்தேகம். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் வெறும் 12 குழந்தைகளை வைத்து, தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு லான்செட் இதழில் எழுதிய கட்டுரை உலகையே பயமுறுத்தியது. 2010-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது, அவர் மருத்துவப் பதிவையும் இழந்தார். அதற்குள் உடம்பிலிருந்து உலோக நஞ்சை இறக்குகிறோம் என்று ஒரு வியாபாரமே கிளம்பிவிட்டது. 2005-ல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அந்தச் சிகிச்சை நடக்கும்போதே இறந்தான்.

இன்னொரு பாதை பயிற்சி. கலிஃபோர்னியாவில் ஐவார் லோவாஸ், குழந்தையை வாரத்துக்கு 40 மணி நேரம் பழக்கினால் மற்றப் பிள்ளைகளைப் போல ஆக்கிவிடலாம் என்றார். 1987-ல் தன்னிடம் பயின்ற 19 குழந்தைகளில் ஒன்பது பேர் அப்படி ஆகிவிட்டதாக அறிவித்தார். எண் பெற்றோரை ஈர்த்தது. தொடக்க காலத்தில் அவர் கன்னத்தில் அறைந்தும் மின் அதிர்ச்சி கொடுத்தும் பழக்கியதை லைஃப் இதழ் 1965-லேயே படங்களோடு போட்டிருந்தது. பெண்மைச் சாயலுள்ள சிறுவர்களை 'ஆண்பிள்ளை' ஆக்கும் ஆய்வொன்றிலும் 1970-களில் அவர் பெயர் உண்டு. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-ல் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆட்டிசத்தை எடுக்கவில்லை, 1980-ல்தான் தனிப் பெயராகவே அதைச் சேர்த்தது.

இதற்கிடையே லண்டனில் லோர்னா விங் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தார். மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். 1966-ல் இங்கிலாந்தின் மிடில்செக்ஸ் பகுதியில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு நான்கைந்து பேர் என்று ஒரு கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. கேனர் வரைந்த கோட்டுக்குள் வராத, ஆனால் அதே உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் ஏராளம் என்று விங் 1979-ல் காட்டினார். இரண்டு வருடத்தில், 1944-ல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதி உலகம் மறந்திருந்த ஆய்வைத் தூசிதட்டி எடுத்தார். நன்றாகப் பேசத் தெரிந்த, பழகத் தெரியாத, ஒரே விஷயத்தில் ஆழ்ந்து போகிற பையன்களைப் பற்றியது அது. மாஸ்கோவில் க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் இதே மாதிரி ஆறு பையன்களைப் பற்றி 1925-லேயே எழுதியிருந்ததை அப்போது யாரும் பேசவில்லை.

வரம்பு விரிந்தது, எண்ணிக்கையும் ஏறியது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்கு 2000-ஆம் ஆண்டுக்கு 150-ல் ஒரு குழந்தை. 2025-ல் வெளியிட்ட கணக்கு 31-ல் ஒன்று. இதை 'பெருந்தொற்று' என்று அலறுகிறவர்கள், அளவுகோல் எத்தனை முறை நீட்டப்பட்டது என்பதைச் சொல்வதில்லை.

ஆஸ்பெர்கர் நெடுங்காலம் நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காத்த நல்லவராகவே அறியப்பட்டார். 2018-ல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் பழைய மருத்துவக் கோப்புகளைப் புரட்டி வேறொன்றைக் காட்டினார். வியன்னாவின் ஆம் ஷ்பீகல்கிரண்ட் விடுதியில் நாஜி ஆட்சியின்போது 789 குழந்தைகள் இறந்தார்கள். அங்கே அனுப்பச் சொல்லி ஆஸ்பெர்கர் கையெழுத்திட்ட குழந்தைகளும் உண்டு. 1941 கோடையில் மூன்று வயதுகூட நிறையாத ஒரு சிறுமி அப்படிப் போய் இரண்டே மாதத்தில் இறந்தாள். தன் ஆய்வில் சில பிள்ளைகளின் தனித் திறமையை மெச்சிய அதே பேனாதான். திறமை உள்ள வேறுபாட்டுக்கு வாழ இடம், திறமை இல்லாத வேறுபாட்டுக்கு ஷ்பீகல்கிரண்ட் என்று பிரிந்தது. ஆட்டிசத்தை 'மேதைகளின் வரம்' என்று இன்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு மேடையேறலாம்.

1990-கள் வரை பேசியவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள், இல்லாவிட்டால் பெற்றோர். 1993-ல் டொரண்டோ மாநாட்டில் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிசம் உள்ளவர் பேசினார். பெற்றோரை நோக்கி அவர் சொன்னதன் சாரம்: நீங்கள் அழுவது எதிர்பார்த்து வராமல்போன ஒரு குழந்தைக்காக, அந்தத் துக்கத்தை எங்கள் தலையில் இறக்காதீர்கள், நாங்கள் உயிரோடு இங்கே இருக்கிறோம். ஆட்டிசத்தைக் கழித்துவிட்டு மீதி ஒரு பிள்ளையை எடுக்க முடியாது என்றார்.

1996-ல் அவரும் நண்பர்களும் நியூயார்க் மாநிலத்தில் ஒரு முகாம் நடத்தினார்கள். வாசனைத் திரவியம் பூசி வரக் கூடாது, அனுமதியில்லாமல் யாரையும் தொடக் கூடாது. இந்த முகாம்களில் வளர்ந்த வழக்கப்படி சட்டையில் வண்ண அட்டை தொங்கியது. சிவப்பு என்றால் யாரும் பேச வர வேண்டாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், பச்சை என்றால் பேச ஆசைதான், தொடங்கத்தான் தெரியவில்லை, நீங்கள் தொடங்குங்கள். மற்ற இடங்களில் 'சமூகத் திறன் குறைபாடு' என்று எழுதப்படுவது அங்கே ஒரு அட்டையில் தீர்ந்தது. லூயிஸ் தம்பதி செய்ததற்கு உறவுமுறையான காரியம் இது.

அதே தசாப்தத்தில் இணைய உரையாடல்களில் 'நரம்பியல் பன்மை' என்ற கருத்து உருவானது. 1998-ல் சிட்னியில் ஜூடி சிங்கர் தன் ஆய்வேட்டிலும், அமெரிக்காவில் ஹார்வி புளூம் பத்திரிகைக் கட்டுரையிலும் அதை எழுதினார்கள். காட்டில் பல மரம் இருப்பதுபோல மனிதரில் பல மூளை என்பது வாதம். 2007 டிசம்பரில் நியூயார்க்கில், 'உங்கள் மகன் எங்கள் பிடியில்' என்ற தொனியில் ஆட்டிசத்தைக் கடத்தல்காரனாகச் சித்தரித்த விளம்பரங்கள் வைக்கப்பட்டன. ஆட்டிசம் உள்ளவர்களே திரண்டு எதிர்க்க, அதே மாதத்துக்குள் அவை இறங்கின. ஆட்டிசத்தை ஒழிப்பதே குறிக்கோள் என்று தொடங்கிய 'ஆட்டிசம் ஸ்பீக்ஸ்' அமைப்பு 2016-ல் தன் நோக்க அறிக்கையிலிருந்து 'குணப்படுத்தல்' என்ற பேச்சையே எடுத்தது.

இத்தோடு வழக்கு முடிந்துவிட்டதா? இல்லை. பேச்சே வராத, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிற, இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் பக்கத்தில் வேண்டிய பிள்ளைகளும் இதே பெயருக்குள்தான் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2023-ல் வெளியான ஆய்வொன்று, ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் சுமார் 27% பேர் இப்படி ஆழ்ந்த நிலையில் இருப்பதாகச் சொன்னது. முப்பது வயது மகனுக்கு இன்னும் உடை மாற்றிவிடும் ஒரு தாயிடம் போய் 'இது வெறும் வேறுபாடுதான்' என்று சொல்வது அறியாமை. பலருக்கு வலிப்பு உண்டு, தூக்கக் கோளாறு உண்டு, குடல் தொந்தரவு உண்டு. அவை நோய்கள். அவற்றுக்கு மருந்து வேண்டும், தாமதிக்காமல் வேண்டும். டொனால்டின் மூட்டுவாதத்துக்கு வைத்தியம் பார்த்தார்கள், எண்ணும் பழக்கத்துக்கு வேலை கொடுத்தார்கள். எது எதற்கு என்ற அந்தப் பாகுபாடு தெரிந்திருந்தால் போதும். உதவி எவ்வளவு பெரிதாகத் தேவைப்பட்டாலும், அதைக் கேட்பதற்கு நோயாளிப் பட்டம் கட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

இந்தியச் சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ன் சட்டத்தில் குறைபாடுகள் 21 ஆயின. அதன் அட்டவணையில் ஆட்டிசம் அறிவுத்திறன் குறைபாடு என்ற தலைப்பின் கீழ் வருகிறது. மனநோய்க்குத் தனித் தலைப்பு. அரசு வேலை ஒதுக்கீட்டில் மட்டும் இரண்டையும், கற்றல் குறைபாட்டையும், பல்வகைக் குறைபாட்டையும் ஒரே ஒரு சதவீதத்துக்குள் திணித்துவிட்டார்கள். சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. மொத்த மதிப்பெண் 70-ஐ எட்டினால்தான் ஆட்டிசம் என்று எழுதுவார்கள்.

சந்தையோ இன்னும் 'குணப்படுத்துகிறோம்' என்றுதான் பலகை வைத்திருக்கிறது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஆகவே, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மையத்தின் வாசலில் நிற்கும் பெற்றோர் கேட்க வேண்டியது 'எத்தனை மாதத்தில் சரியாகும்?' என்பதை அல்ல. பேச, சாப்பிட, கழிப்பறை போக, பள்ளியில் உட்கார என் பிள்ளைக்கு என்ன கற்றுத் தருவீர்கள், அவனுக்குப் பிடித்ததை வைத்துக் கற்றுத் தருவீர்களா என்று கேளுங்கள். 'முழுசா குணமாக்கிடுறோம்' என்று பதில் வந்தால், பணம் கட்டாமல் திரும்பி வந்துவிடுங்கள்.